மூன்று நாளில் டோக்கியோ

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்பது நம் முன்னோர் வாக்கு. உழவர்களுக்குச் சொன்ன இந்த அறிவுரை ஊர் பார்க்கப் புறப்படுவோர்க்கும் பொருந்தும். புதிய நகரத்திற்குச் சில நாட்களே தங்கும்படியாகச் செல்பவர்களுள் பலர், விடியற்காலை முதல் நள்ளிரவு வரை ஓடி ஓடி இருபது இடங்களைப் பார்த்துவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பின்னர், "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால், கால்வலியும் கூட்ட நெரிசலுமே அவர்கள் நினைவில் முதலில் வருகின்றன.

ஜப்பானின் தலைநகரமாகிய டோக்கியோ, உலகின் மாபெரும் நகரங்களுள் ஒன்று. டோக்கியோ மாநகர்ப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். இத்தகைய ஊரை மூன்று நாட்களில் முழுவதும் பார்ப்பது எவராலும் இயலாது. ஆயினும் மூன்று நாட்களில் அதனை ஓரளவு அறிந்துகொள்ள இயலும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இன்னும் அந்நகரைக் கண்டதில்லை. எனினும் வரைபடத்தையும் நூல்களையும் விரித்து வைத்துக்கொண்டு, முதன்முதலாக அங்கே செல்லும் குடும்பம் ஒன்று மூன்று நாட்களை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று திட்டமிட்டுப் பார்த்தோம். அதனைத் தோழியர் முன் வைக்கிறோம்.

ஊரின் கதை

எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் அதன் கதையை அறிந்துகொள்வது நலம். டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1603ஆம் ஆண்டில் தொகுகாவா இயேயாசு என்பவர், படைத்தலைவராக இருந்து நாட்டையே ஆளும் 'ஷோகன்' என்னும் பதவியைப் பெற்று, எடோவைத் தம் ஆட்சிக்கு இருப்பிடமாக்கினார். 1868இல் ஷோகன்களின் ஆட்சி முடிவுற்றுப் பேரரசரின் ஆட்சி ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே எடோவிற்கு டோக்கியோ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 'கிழக்குத் தலைநகர்' என்பது அதன் பொருள்.

மர வீடுகள் நிறைந்த அந்நகரில் தீ விபத்துகள் அடிக்கடி நேர்ந்தன. அவற்றுள்ளும் மூன்று பேரழிவுகளை யாரும் மறக்க முடியாது. 1657இல் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. 1923 செப்டம்பர் 1ஆம் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. வீடுகளில் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்த நேரமாதலால், அடுப்புகளிலிருந்து தீ பரவியது. டோக்கியோவிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஏறத்தாழ 1,05,000 பேர் மாண்டும் மறைந்தும் போயினர். இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டாகிய 1945இல், மார்ச் 10ஆம் நாள் அதிகாலையில், அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. அந்த ஒரே இரவில் ஏறத்தாழ 1,00,000 பேர் உயிரிழந்தனர்.

எனவே, நாம் இன்று படங்களில் காணும் டோக்கியோவின் பெரும்பகுதி, சாம்பலிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பப்பட்டதாகும். "எரிந்த ஊர் எவ்வாறு எழுந்தது?" என்னும் இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த இடத்தைப் பார்ப்பது, எதனை விடுவது என்பது எளிதில் விளங்கிவிடும். எங்கள் திட்டமும் இக்கேள்வியைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

எப்போது செல்லலாம்?

மார்ச் மாத இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் டோக்கியோவில் செர்ரி மலர்கள் பூத்துக் குலுங்கும். அப்போது ஊர் அழகாக இருக்கும். கூட்டமும் அவ்வாறே மிகுந்திருக்கும். ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். அதன்பின் புழுக்கமான கோடை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் புயல்களும் வரக்கூடும். நவம்பர் மாதத்தில் வானம் தெளிந்து, குளிர் இதமாக இருக்கும். மாத இறுதியில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். முதன்முறை செல்வோர்க்கு நவம்பரே ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்க்குத் தொடர் விடுமுறை வருவதால், அந்நாட்களைத் தவிர்ப்பது நன்று.

மாதத்தைப் போலவே கிழமையும் முக்கியம். பல அருங்காட்சியகங்களுக்கும் உவேனோ விலங்குக் காட்சிச்சாலைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்திற்குத் திங்களும் வெள்ளியும் விடுமுறை. ஆகவே செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களைத் தேர்ந்தெடுத்தால், மூடிய கதவின் முன் நின்று ஏமாற வேண்டியதில்லை. திங்கட்கிழமை அரசு விடுமுறையாக இருந்தால், மறுநாள் செவ்வாயன்று மூடும் வழக்கமும் உண்டு. எனவே நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானின் கடிகாரம் நம் நாட்டுக் கடிகாரத்தைவிட 3½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்குக் காலை 6 மணி என்றால், அங்கே 9½ மணி. வந்து சேரும் நாளில் உடலும் கண்ணும் அசந்திருக்குமாதலால், அந்த நாளை மூன்று நாட்களுள் ஒன்றாகக் கணக்கிடலாகாது.

வளையம் என்னும் வழிகாட்டி

டோக்கியோவின் ரயில் வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் மலைத்துப் போவார்கள். சுரங்க ரயிலில் மட்டும் 13 தடங்கள் உள்ளன. ஆனால் பச்சை நிறத்தால் குறிக்கப்படும் 'யமனோதே' என்னும் ஒரு தடத்தைப் புரிந்துகொண்டால் போதும். இது நகரின் நடுப்பகுதியை வளையம் போலச் சுற்றி வருகிறது. வளையத்தின் நீளம் 34.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 1925ஆம் ஆண்டு முதல் இது வளையமாக ஓடி வருகிறது.

இந்த வளையத்தை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொள்வோம். உவேனோ நிலையம் ஏறக்குறைய 2 மணி இருக்குமிடத்திலும், டோக்கியோ நிலையம் 3 மணி இருக்குமிடத்திலும், ஷிபுயா 8 மணி இருக்குமிடத்திலும், ஷின்ஜுகு 9 மணி இருக்குமிடத்திலும் அமைந்துள்ளன. முதல் நாள் கிழக்கு, இரண்டாம் நாள் நடுப்பகுதி, மூன்றாம் நாள் மேற்கு என்று பிரித்துக்கொண்டால், ஒரே நாளில் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அலைய வேண்டியதில்லை. நேரமும் மிச்சம், பணமும் மிச்சம்.

தங்குவதற்கு உவேனோவை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அது வளையத்தின் மேலேயே இருக்கிறது. நகரிலிருந்து வெகு தொலைவிலுள்ள நரித்தா விமான நிலையத்திலிருந்து உவேனோவிற்கு நேரடி ரயில் உண்டு. ஹனேதா விமான நிலையம் நகருக்கு அருகிலேயே உள்ளது. அங்கிருந்து வருவோர் ஒற்றைத் தண்டவாளமாகிய மோனோரயிலில் ஹமமாத்சுச்சோ வந்து, வளைய ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

ரயிலுக்கு ஒவ்வொரு முறையும் சீட்டு வாங்குவதைவிட, 'சுய்கா' அல்லது 'பாஸ்மோ' என்னும் அட்டையில் முன்பணம் செலுத்தி வைத்துக்கொள்வது எளிது. வாயிலில் அதனைத் தொட்டுவிட்டு உள்ளே செல்லலாம். நிலையத்தை விட்டு வெளியேறும்போது, எந்த எண்ணுள்ள வாயில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஷின்ஜுகு போன்ற பெரிய நிலையங்களுக்கு வாயில்கள் மிகப் பல. தவறான வாயிலில் வெளிவந்தால் அரைமணி நேரம் வீணாகும். மேலும், பெரும்பாலான தெருக்களுக்கு அங்கே பெயரே கிடையாது. முகவரியெல்லாம் பகுதி எண், மனை எண் என்றே அமைந்திருக்கும். ஆகையால் தங்கும் விடுதியின் முகவரியை ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால், 'கோபான்' எனப்படும் சிறு காவல் சாவடியில் காட்டி வழி கேட்கலாம்.

ஒரு பெண்ணின் முகம்

ஜப்பானின் நாணயம் யென். பணம் மாற்றும்போது 5,000 யென் நோட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டுகிறோம். 2024ஆம் ஆண்டில் வெளியான புதிய நோட்டில் ஒரு பெண்மணியின் படம் இருக்கிறது. அவர் பெயர் சுதா உமேகோ. 1871இல், ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோதே, கல்வி பயில்வதற்காகக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். பதினோரு ஆண்டுகள் கழித்துத் தாய்நாடு திரும்பியபோது தாய்மொழியே அவருக்கு மறந்து போயிருந்தது. அதனை மீண்டும் கற்று, 1900ஆம் ஆண்டில் டோக்கியோவில் பெண்களுக்கென்று ஓர் ஆங்கிலக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அதுவே இன்று சுதா பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கடைக்காரரிடம் அந்த நோட்டை நீட்டும் ஒவ்வொரு முறையும், பெண் கல்விக்காக உழைத்த ஒருவரை நாம் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

முதல் நாள்: கிழக்கு

காலையில் உவேனோவிலிருந்து சுரங்க ரயிலில் மூன்றாவது நிறுத்தமாகிய அசகுசாவிற்குச் செல்வோம். 1927இல் ஆசியாவிலேயே முதன்முதலாக ஓடிய சுரங்க ரயில் இந்தத் தடத்தில்தான் ஓடியது. அசகுசாவில் உள்ள சென்சோஜி, டோக்கியோவின் மிகப் பழமையான புத்தக் கோயில். 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த சகோதரர் இருவரின் வலையில் கன்னோன் என்னும் கருணைத் தெய்வத்தின் சிலை கிடைத்தது என்பது அதன் தலவரலாறு. கோயிலின் பெரிய மண்டபம் 1945 மார்ச் மாதத் தீயில் எரிந்தது. மக்கள் நன்கொடையால் 1958இல் மீண்டும் எழுந்தது. கோயில் வளாகத்தில் அன்றைய தீயில் கருகிய தழும்புடன் ஒரு கிங்கோ மரம் நிற்கிறது. அது இன்றும் தளிர்க்கிறது. கடைவீதியில் பொம்மைகள் வாங்கும் அவசரத்தில் அந்த மரத்தைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது.

அங்கிருந்து சுமிதா ஆற்றைக் கடந்து, கரையோரமாகத் தெற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால், ரியோகோகு என்னும் பகுதியில் யோகோஅமிச்சோ பூங்காவை அடையலாம். சுற்றுலாப் பயணிகள் இங்கே அதிகம் வருவதில்லை. 1923 நிலநடுக்கத்தன்று, திறந்த வெளியாக இருந்த இந்த இடத்தில் பாதுகாப்புத் தேடி மக்கள் தங்கள் பொருள்களுடன் கூடினர். அவர்களைத் தீச்சுழல் சூழ்ந்துகொண்டது. இந்த ஒரே இடத்தில் ஏறத்தாழ 38,000 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாக 1930இல் இங்கே ஒரு மண்டபம் கட்டப்பட்டது. பின்னர் 1945 விமானத் தாக்குதலில் இறந்தவர்களின் அஸ்தியும் இங்கேயே வைக்கப்பட்டது. அரைமணி நேரம் இங்கே அமைதியாக இருந்துவிட்டு வந்தால், அதன்பின் நகரில் காணும் ஒவ்வொரு கட்டடமும் வேறு விதமாகத் தோன்றும் என்று நாங்கள் நம்புகிறோம்.

பிற்பகலில் உவேனோவிற்குத் திரும்புவோம். 1882இல் திறக்கப்பட்ட உவேனோ விலங்குக் காட்சிச்சாலை ஜப்பானிலேயே மிகப் பழமையானது. இதற்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. போர்க்காலத்தில் குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் விலங்குகள் வெளியேறிவிடும் என்று அஞ்சி, 1943இல் இங்கிருந்த பெரிய விலங்குகளைக் கொன்றுவிட ஆணை பிறந்தது. மூன்று யானைகளும் பட்டினி போடப்பட்டு இறந்தன. போர் முடிந்த பின்னர், யானையையே பார்த்திராத டோக்கியோ நகரச் சிறுவர் சிறுமியர், தங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று நம் பிரதமர் நேருவுக்குக் கடிதங்கள் எழுதினர். 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் மைசூரிலிருந்து ஒரு யானை கப்பலில் சென்று சேர்ந்தது. நேரு தம் மகளின் பெயராகிய இந்திரா என்பதையே அதற்குச் சூட்டினார். 1957இல் ஜப்பான் சென்றபோது மகளுடன் போய் அந்த யானையைப் பார்த்தும் வந்தார். 1983இல் இறக்கும்வரை இந்திரா டோக்கியோக் குழந்தைகளின் அன்பிற்கு உரியதாக இருந்தது. நம்மைப் போன்ற பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் இரு நாடுகளை இணைத்தன என்பது பெருமைப்படத்தக்க செய்தி.

இரண்டாம் நாள்: நடுப்பகுதி

காலையில் டோக்கியோ நிலையத்தில் இறங்கி, வெளியே வந்து திரும்பிப் பார்ப்போம். 1914இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம் அது. 1923 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற அக்கட்டடம், 1945 மே மாதக் குண்டுவீச்சில் கூரையை இழந்தது. அதன் குவிமாடங்கள் பழைய வடிவத்தில் மீண்டும் அமைக்கப்பட்டு, 2012இல் பணி நிறைவுற்றது.

அங்கிருந்து நடந்தே பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்திற்குச் செல்லலாம், கட்டணம் இல்லை. ஷோகன்களின் கோட்டை இருந்த இடம் இதுவே. புல்வெளியின் ஓரத்தில் ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்மேடை இருக்கிறது. அதன்மேல் ஒன்றுமில்லை. 1657ஆம் ஆண்டுத் தீயில் கோட்டையின் உயர்ந்த கோபுரம் எரிந்தபின், மேடையை மட்டும் மீண்டும் கட்டினர். அப்போது ஷோகனின் சிறிய தந்தையாகிய ஹோஷினா மசாயுகி, "ஊரை முதலில் கட்ட வேண்டும், கோபுரத்திற்கு இப்போது தேவையில்லை" என்னும் கருத்தை எடுத்துரைத்தார். ஷோகன் ஆட்சி அதனை ஏற்றது. கோபுரம் பின்னர் எழவேயில்லை. வெறுமையான அந்த மேடையைப் பார்த்து, "இங்கே என்ன இருக்கிறது?" என்று சிலர் கடந்து போகக்கூடும். கதை தெரிந்தவர்க்கோ, நின்றிருக்கும் கோபுரத்தைவிட இந்த மேடை அதிகம் பேசும்.

பிற்பகலில் கின்சா கடைவீதியில் உலவலாம். மாலையில் 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரத்தைக் காணலாம். அது கட்டி முடிக்கப்பட்டதும் 1958ஆம் ஆண்டிலேயே. சென்சோஜி மண்டபம் எழுந்த அதே ஆண்டு!

மூன்றாம் நாள்: மேற்கு

காலையில் ஷிபுயா நிலையத்தில் இறங்கினால், ஹாச்சிகோ என்னும் நாயின் சிலையைக் காணலாம். தன்னை வளர்த்த பேராசிரியர் 1925இல் இறந்தபின்னும், 1935இல் தான் இறக்கும்வரை அந்த நாய் நிலையத்திற்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது. அது உயிரோடிருந்தபோதே, 1934இல், சிலை எழுப்பினர். போரின்போது உலோகத் தேவைக்காக அச்சிலை உருக்கப்பட்டது. உண்ண உணவும் உடுக்கத் துணியும் அரிதாக இருந்த 1948இல் மக்கள் மீண்டும் ஒரு சிலையை நிறுவினர்.

அடுத்த நிலையம் ஹராஜுகு. அதனருகே மெய்ஜி ஆலயத்தைச் சூழ்ந்துள்ள காடு இருக்கிறது. ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்புள்ள அக்காடு இயற்கையாக முளைத்ததன்று. 1920இல் ஆலயம் நிறுவப்பட்டபோது, நாடெங்குமிருந்து மக்கள் அனுப்பிய ஏறத்தாழ 1,00,000 மரங்களை இளைஞர்கள் நட்டு உருவாக்கியது. 1945இல் ஆலயம் எரிந்தது, காடு பிழைத்தது. ஆலயத்தை மீண்டும் கட்டியதும் 1958இல்தான்.

மாலையில் ஷின்ஜுகு. அங்குள்ள மாநகர அரசு அலுவலகத்தின் 45ஆவது மாடியிலிருந்து கட்டணமின்றி நகரைப் பார்க்கலாம். முதல் நாளிலேயே இங்கு வந்திருந்தால் வெறும் கட்டடக் கூட்டமே தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் மாலையிலோ, ஆறு எங்கே, கோட்டை எங்கே, காடு எங்கே என்று விரல் நீட்டிக் காட்ட முடியும்.

இரவு உணவிற்கு அருகிலேயே 'நகமுராயா' இருக்கிறது. டில்லியில் 1912இல் வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட நிகழ்ச்சியில் தேடப்பட்ட விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். இந்தக் கடையை நடத்திய குடும்பத்தினர் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினர். பின்னர் அவர் அவ்வீட்டுப் பெண்ணையே மணந்தார். 1927 முதல் இங்கே பரிமாறப்படும் இந்தியக் கறிச் சோறு அவர் கற்றுக்கொடுத்தது.

உணவும் ஒழுக்கமும்

மரக்கறி உணவினர் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும்கூட, உலர்ந்த மீனிலிருந்து எடுத்த 'தாஷி' சேர்ந்திருக்கும். புத்தத் துறவிகளின் 'ஷோஜின்' உணவு மரக்கறி உணவு. உப்பிட்ட ப்ளம் காய் வைத்த சோற்று உருண்டை எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும்.

ரயிலில் செல்பேசியில் பேசலாகாது. வீடுகளிலும் பல விடுதிகளிலும் செருப்பைக் கழற்ற வேண்டும்; இது நமக்குப் பழக்கமானதே. உணவகப் பணியாளர்க்கு இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. தெருவில் குப்பைத் தொட்டி அரிது. ஆகவே ஒரு பையைக் கையோடு கொண்டுசென்று, குப்பையை விடுதிக்கே கொண்டுவர வேண்டும். நிலநடுக்கம் ஏற்பட்டால் பதறி ஓடாமல் மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும், மின்தூக்கியில் ஏறக்கூடாது. அவசர உதவிக்குக் காவல்துறை எண் 110. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119. "சுமிமாசென்" என்றால் மன்னிக்கவும். "அரிகாதோ கொசைமாசு" என்றால் மிக்க நன்றி. இந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டாலே பல கதவுகள் திறக்கும்.

விட்டவை

ஃபூஜி மலையும் கியோட்டோ நகரமும் எங்கள் திட்டத்தில் இல்லை. டிஸ்னிலாந்தும் இல்லை. 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்தை அசகுசாவிலிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டோம். இவற்றை விட்டுவிட எங்களுக்கும் மனம் வரவில்லை. வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில், மூன்று நாட்களில் ஒரு நகரை மதித்துப் பார்க்க வேண்டுமானால் சிலவற்றை விடத்தான் வேண்டும் என்று தெளிந்தோம்.

தோழியரே! நம்முள் யார் என்றைக்கு டோக்கியோ செல்வோம் என்பதை நாம் அறியோம். ஆனால் இம்முறையை எந்த ஊருக்கும் கைக்கொள்ளலாம். முதலில் ஊரின் கதையைக் கேட்போம். அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பின்னர் வரைபடத்தை விரித்து, அக்கேள்விக்கு விடை தரும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்வோம். அவ்வாறு செல்பவர்கள் மூன்றே நாட்கள் தங்கினாலும், வீட்டாரிடம் சொல்வதற்கு நிறையச் செய்திகளுடன் திரும்புவார்கள்.